நூற்று இருபத்திரண்டு மீட்டரில் வெயில்

ஓர்மெசிந்தா ஒரு முடிவுக்கு வந்துவிட்டால் மலையே குறுக்கே வந்து நின்றாலும் மாற்றிக்கொள்ள மாட்டாள். அவள் விஷயத்தில் மலை உண்மையிலேயே குறுக்கேதான் நின்றது. பூமியின் தென்கோடி ஊரான உஷுவாயாவில் கடல் தெற்கே, மலை வடக்கே. நடுக் குளிர்காலமான ஜூன் மாதத்தில் சூரியன் காலை பத்து மணிக்கு மலைக்குப் பின்னால் எழுந்து, பின்னாலேயே ஊர்ந்து, மாலை ஐந்து மணிக்கு அங்கேயே படுத்துவிடும். மேட்டுக் குடியிருப்புக்காரர்களுக்கு மே பாதியிலிருந்து ஆகஸ்ட் வரை வெளிச்சம் உண்டு, வெயில் கிடையாது. இரண்டும் ஒன்றுதானே என்று கேட்பவர்கள் ஒரு குளிர்காலம் அங்கே குடியிருந்து பார்த்துவிட்டுப் பிறகு பேசட்டும்.

அவள் எடுத்த முடிவு இதுதான்: வீட்டை இன்னும் இருபது மீட்டர் உயரத்துக்கு மேலே இழுத்துவிட வேண்டும்.

மேட்டுக் குடியிருப்பில் யாருக்கும் நிலப் பட்டா கிடையாது. அதனால் எல்லோரும் இரண்டு பெரிய லெங்கா மரத்துண்டுகளைச் சறுக்குக் கட்டைகளாகப் போட்டு, அவற்றின்மேல்தான் பலகை வீடு கட்டினார்கள். இங்கே இருக்காதே என்று நகராட்சி சொன்னால், பனி இறுகியதும் ஒரு ஞாயிற்றுக்கிழமை அக்கம்பக்கத்தார் கூடிக் கயிறு கட்டி அங்கே இழுத்துக்கொண்டு போவார்கள். வீட்டுக்காரர் ஆட்டுக்கறியும் பொரித்த ரொட்டியும் போடுவார். இழுக்கும்போது உள்ளே அடுப்பை மட்டும் அணைக்கக் கூடாது. புகை நின்ற வீட்டை ஆளில்லாத வீடு என்று எவனாவது சொந்தம் கொண்டாடிவிடுவான் என்று பயம்.

மற்றவர்கள் நகராட்சிக்குப் பயந்து இழுத்தார்கள். ஓர்மெசிந்தா தன் புருஷனுக்காக இழுத்தாள். பாஸ்குவல் நண்டுப் படகில் வேலை பார்த்தவன். மூன்று வருடங்களுக்கு முன் கூண்டு தூக்கும் கம்பி அறுந்து இடுப்பில் அடித்தது. அன்றிலிருந்து படுக்கைதான். கோடையில் வாய் ஓயாமல் பேசுவான். ஜன்னல் வழியே போகிற வருகிறவர்களை எல்லாம் வம்புக்கு இழுப்பான். மே மாதம் வெயில் போனதும் முகத்தைச் சுவர்ப் பக்கம் திருப்பிக்கொள்வான். முதல் வருடம் பேச்சு குறைந்தது. இரண்டாம் வருடம் சாப்பாடு குறைந்தது. இந்த வருடம் மணி என்ன என்று கேட்பதைக்கூட விட்டுவிட்டான். வடக்கே பாஹியா பிளாங்காவில் இருக்கும் அவன் அக்கா எல்சா, "அவனை இங்க அனுப்பிடு, இங்கயாவது வெயில் இருக்கு" என்று தொலைபேசியில் அழுதாள். ஜூலை பத்தாம் தேதிக்கு விமானச் சீட்டும் வாங்கிவிட்டாள். பாஸ்குவல் வேண்டாம் என்று சொல்லவில்லை. அதுதான் ஓர்மெசிந்தாவைப் பயமுறுத்தியது. போனால் திரும்பி வரமாட்டான் என்று அவளுக்குத் தெரியும். நண்டுத் தொழிற்சாலை வேலையை விட்டு அவளும் கூடப் போக முடியாது.

அவள் கண்ணால் கண்டதை நம்புகிறவள். போன ஞாயிற்றுக்கிழமை மதியம் ஒன்றரை மணிக்கு, வீட்டை ஒட்டி நின்ற இருபது மீட்டர் லெங்கா மரத்தின் உச்சியில் வெயில் விழுந்தது. நுனிக் கிளைகள் மட்டும் பொன்னாக ஜொலித்தன. கால் மணி நேரத்தில் அணைந்துவிட்டது. வெயில் மேலே இருக்கிறது, நாம் கீழே இருக்கிறோம், ஆகவே மேலே போக வேண்டும். இதற்கு மேல் ஒரு கணக்கு இருக்க முடியுமா என்ன? இரண்டு வருடமாக அவள் இப்படித்தான் வீட்டை மேலே மேலே இழுத்து வந்திருக்கிறாள்.

சனிக்கிழமை தொழிற்சாலை அரை நாள். அவள் வீட்டுக்கு ஏறி வந்தபோது வாசலில் முக்காலிக் கருவி ஒன்று நின்றுகொண்டிருந்தது. அதன் பின்னால் மூன்று கம்பளிச் சால்வைக்குள் ஒரு பெண். நகராட்சிக்காக உயரம் அளக்க வந்த நோர்மா. வடக்கே, வெயில் கொளுத்தும் சந்தியாகோ தெல் எஸ்தேரோ பக்கத்துக்காரி. மூக்கு சிவந்து ஒழுகிக்கொண்டிருந்தது. பக்கத்து வீட்டுச் சேலோ ஏற்கெனவே அவளைக் கேலி பண்ண ஆரம்பித்திருந்தான்.

"எஞ்சினியரம்மா, வீட்ல இருக்கிற துணி எல்லாத்தையும் ஒரே நாள்ல போட்டுட்டு வந்துட்டீங்களா? நாளைக்கு என்ன பண்ணுவீங்க?"

"நாளைக்கும் இதேதான். கழட்டினாத்தானே மாத்தறதுக்கு" என்றாள் நோர்மா. பிறகு ஓர்மெசிந்தாவைப் பார்த்தாள். "உங்க வீடா அம்மா? நூத்தி முப்பத்தெட்டு மீட்டர், அறுபது சென்டிமீட்டர்."

"எதுலேருந்து?"

"கடல்லேருந்து. துறைமுகத்துக் கல்லுல ஒரு பித்தளைக் குமிழ் பதிச்சிருக்கு. அங்க ஆரம்பிச்சுக் கொஞ்சம் கொஞ்சமா அளந்து ஏறி வந்தேன். நாலு நாளாச்சு."

"நாலு நாளா? நான் சுமையோட அரை மணி நேரத்துல ஏறிடுவேனே!"

சேலோ விழுந்து விழுந்து சிரித்தான். நோர்மாவும் சிரித்துவிட்டுத்தான் விஷயத்தைச் சொன்னாள். நூற்று முப்பது மீட்டருக்கு மேல் குடிதண்ணீர் ஏறாது. அதனால் அந்தக் கோட்டுக்குக் கீழே இறங்குகிறவர்களுக்குப் பட்டா. மேலே இருப்பவர்கள் காட்டை விட்டுப் போக வேண்டும். திங்கட்கிழமை அவள் பட்டியல் கொடுக்க வேண்டும்.

"கீழ எறங்கவா? நாளைக்கு நான் மேல போறேன். அறுபது பேரைச் சொல்லி வச்சிருக்கேன், ஆட்டை அடிச்சாச்சு" என்றாள் ஓர்மெசிந்தா. கோபத்தில் பாஸ்குவல், எல்சா, மரத்து உச்சி எல்லாவற்றையும் கொட்டினாள். "உங்க பட்டாவை நீங்களே வச்சுக்கங்க. எனக்கு வெயில் வேணும்."

நோர்மா மூக்கைத் துடைத்துக்கொண்டாள். கருவியை வடக்கே மலை முகட்டுக்குத் திருப்பி, குனிந்து பார்த்து, நோட்டில் ஏதோ எழுதினாள். பிறகு அந்த உயரமான மரத்தை ஏற இறங்கப் பார்த்தாள்.

"அம்மா, நம்ம ஊர் பூமியோட தெற்குல அம்பத்து நாலு டிகிரி நாப்பத்தெட்டு நிமிஷத்துல இருக்கு. நாளைக்கு வருஷத்துலேயே சின்னப் பகல். உச்சியில சூரியன் பன்னெண்டு டிகிரிகூட ஏறாது. உங்க ஜன்னல்லேருந்து பார்த்தா மலை பன்னெண்டைத் தாண்டி நிக்குது. வித்தியாசம் கால் டிகிரி. சூரியனோட அகலத்துல பாதி. அவ்வளவுதான் உங்களுக்குக் குறையுது."

ஓர்மெசிந்தா மலை முகட்டை நிமிர்ந்து பார்த்தாள். மூன்று குளிர்காலமாகத் தன் புருஷனைத் தின்றுகொண்டிருந்தது அரைச் சூரியன்தானா? வானத்தில் இருக்கும் ஒன்றை இந்த மூக்கொழுகி குனிந்து பார்த்தே அளந்து சொல்கிறாளே என்று வியப்பும் பயமும் சேர்ந்து வந்தன.

"அப்போ இருபது மீட்டர் மேல போனா வந்துடும்ல?"

"வராது. இன்னும் போயிடும். கீழ எறங்கணும்."

"இதோ பாரு" என்று சேலோ பக்கம் திரும்பினாள் ஓர்மெசிந்தா. "நகராட்சிக்காரி புத்தி போகுமா? வெயிலைக் காட்டி எறக்கப் பாக்கறா."

"அக்கா சொல்றது சரிதான். கீழ எறங்கினா வெயில் கூடுமாம்! கெணத்துக்குள்ள எறங்கினா எரிஞ்சே போயிடுவோம் போல" என்றான் சேலோ.

நோர்மா கோபப்படவில்லை. அளவுகோல் கம்பை எடுத்துப் பனியில் சரிவாக ஒரு கோடு கிழித்தாள். "இது தரை. பத்து அடி மேல நடந்தா தரை ஒரு அடி உயருது." அதற்கு மேல் இன்னும் சாய்வாக இன்னொரு கோடு கிழித்தாள். "இது மலையோட நிழல். பத்து அடிக்கு ரெண்டு அடி உயருது. நீங்க ஒண்ணு ஏறினா அது ரெண்டு ஏறுது. நீங்க ஒண்ணு எறங்கினா அது ரெண்டு எறங்குது. கீழ ஒரு எடத்துல அது உங்க காலுக்குக் கீழ போயிடும்."

"டவுன்ல வெயில் அடிக்குதே, அதுக்குக் காரணம் அங்க மலையில கணவாய் இருக்கு. எல்லாருக்கும் தெரியும்" என்றான் சேலோ.

"கணவாய் ஒண்ணும் இல்லைங்க. டவுன் மலையை விட்டுத் தள்ளி இருக்கு. அவ்வளவுதான்."

ஓர்மெசிந்தா பனியில் இருந்த இரண்டு கோடுகளையும் வெறித்துப் பார்த்தாள். அவளுக்குப் படிப்பு குறைவு. ஆனால் ஆளைப் படிப்பதில் அவளை ஏமாற்ற முடியாது. "சரி, நூத்தி முப்பதுக்கு எறங்கினா வந்துடுமா?"

நோர்மா தயங்கினாள். "வராது. நூத்தி இருபத்திரண்டுக்குப் போகணும். நூத்தி எழுபது மீட்டர் தூரம். அங்க மரத்தை வெட்டிக் குழாய் பதிக்கப் பாதை போட்டு வச்சிருக்காங்க. அந்தப் பாதையில மனையே பிரிக்கலை. உங்களுக்கு அங்க ஒரு மனை வேணும்னா நான்தான் ஆபீஸ்ல போய் எல்லார்கிட்டயும் சண்டை போடணும்."

அந்த வார்த்தைதான் ஓர்மெசிந்தாவை அசைத்தது. பொய் சொல்லி இறக்குகிறவளாக இருந்தால் நூற்று முப்பதோடு நிறுத்தியிருப்பாள். தன் தலையில் தானே வேலையை ஏற்றிக்கொள்ளும் அரசாங்க ஊழியரை ஓர்மெசிந்தா அதுவரை பார்த்ததில்லை.

"சண்டை போடுவியா?"

"போடறேன்."

"அப்போ எறங்கறேன். ஆனா வெயில் வரலைன்னா, இந்தக் கம்பை உன் கையிலேருந்து பிடுங்கி அடுப்புல வச்சிடுவேன்."

ஞாயிற்றுக்கிழமை மூட்டமாக விடிந்தது. அறுபது பேர் வந்தார்கள். மேலே இழுப்பதற்கென்று வந்தவர்களிடம் கீழே என்று சொன்னதும் அத்தனை பேரும் சிரித்தார்கள். பிறகு வேலையின் கஷ்டம் உறைத்தது. வீட்டை மேலே இழுக்கத் தோள் போதும். கீழே இறக்குவதற்கு மூளையும் வேண்டும். வீடு தானாகவே ஓடப் பார்க்கும், பின்னாலிருந்து பிடித்து நிறுத்த வேண்டும். நான்கு கயிறுகளை வெட்டிய மரங்களின் அடிக்கட்டைகளில் இரண்டு சுற்றுச் சுற்றி, சேலோவின் விசில் சத்தத்துக்குச் சாண் சாணாக விட்டார்கள். முன்னால் பத்துப் பேர் கடப்பாறையால் திசை திருப்பினார்கள். வடக்கு ஜன்னல் வடக்கேயே பார்க்க, வீடு பின்பக்கமாகவே இறங்கியது. கூரையில் புகை. உள்ளே சுவரோடு சேர்த்துக் கட்டிய கட்டிலில் பாஸ்குவல் படுத்திருந்தான். எவ்வளவோ கெஞ்சியும் சேலோ வீட்டில் போய் இருக்க அவன் ஒப்பவில்லை. ஒப்பவில்லை என்றால் வாய் திறந்து சொல்லவும் இல்லை; சுவரைப் பார்த்தபடி தலையை ஆட்டினான்.

ஒரு மணிக்கு நூற்று இருபத்தெட்டு மீட்டரில் நகராட்சி ஒதுக்கிய மனைக்கு வந்து சேர்ந்தார்கள். வானம் தகர மூடி போட்டது போல இருந்தது. ஆட்கள் கயிற்றை முடிந்துவிட்டு மாத்தே தேநீர் குடிக்க உட்கார்ந்தார்கள்.

"போதும்க்கா. பட்டா கிடைச்சுடுச்சு. ஆட்டுக்கறி ஆறுது" என்றான் சேலோ.

"இன்னும் அறுபது மீட்டர் இருக்கு."

"அக்கா! ரெண்டு வருஷம் மேல மேலன்னு எங்க தோளைத் தேய்ச்சே. இன்னைக்குக் கீழ கீழங்கறே. அடுத்த வருஷம் கடலுக்குள்ள இழுங்கடான்னு சொல்லுவியா?"

"சொன்னா இழுப்பியா மாட்டியா?"

"இழுப்பேன். அதுதான் எனக்கு ஆத்திரமே!" என்று கத்திவிட்டு, மாத்தேயைக் கீழே வைத்து எழுந்தான். மற்றவர்களும் முனகிக்கொண்டே எழுந்தார்கள். நோர்மா கம்பைத் தூக்கிக்கொண்டு முன்னால் இறங்கிப் போய், நூற்று இருபத்திரண்டு மீட்டரில் தான் நட்டிருந்த சிவப்பு முளைக்குப் பக்கத்தில் நின்றாள். அவள் முகம் பனியைவிட வெளுத்திருந்தது.

முளைக்குப் பதினைந்து மீட்டர் இருக்கும்போது இடதுபக்க அடிக்கட்டை வேரோடு பிடுங்கிக்கொண்டது. கயிறு சீறியது. வீடு ஒருமுறை உலுக்கிவிட்டு, தன் இஷ்டத்துக்குப் புறப்பட்டது. முன்னால் நின்றவர்கள் இரண்டு பக்கமும் பாய்ந்தார்கள். மற்ற மூன்று கயிறுகளையும் பிடித்திருந்தவர்கள் பனியில் உட்கார்ந்தபடியே இழுபட்டுப் போனார்கள். "கிழவா!" என்று புருஷனைக் கூப்பிட்டு ஓர்மெசிந்தா போட்ட கூச்சலில் காது அடைத்தது. பாதை ஓரத்தில் குவிந்திருந்த பனியில் ஒரு மூலை புதைந்து, வீடு முனகிக்கொண்டு நின்றது. முளையை ஒரு முழம் தாண்டியிருந்தது. புகைபோக்கி சாய்ந்திருந்தாலும் புகை வந்துகொண்டுதான் இருந்தது.

ஓர்மெசிந்தா ஓடினாள். அவள் வாசற்படியை எட்டுவதற்குள் மலை முகட்டுக்கு மேலே மூட்டம் கிழிந்தது.

யாரும் அதை எதிர்பார்க்கவில்லை. கணக்குப் போட்டவள்கூட எதிர்பார்க்கவில்லை. முகட்டின் ஒரு பள்ளத்தில் முதலில் ஒரு நெருப்புத் துளி தெரிந்தது. அது வளர்ந்தது. பாதி அளவுக்கு வந்ததும் அங்கேயே நின்று, முகட்டின்மேல் உருண்டு போனது. பனி முழுவதும் ஒரே நொடியில் எரிந்தது. வீட்டின் பலகை ஒவ்வொன்றும், ஆணி ஒவ்வொன்றும் தனித்தனியாகத் தெரிந்தது. வெயிலுக்கு ஒரு ஓரம் இருந்தது. கத்தியால் வெட்டிய மாதிரி, வீட்டுக்கு மேல்பக்கம் பத்தடி தள்ளி, பனியின் குறுக்கே ஒரு கோடு ஓடியது. அதற்கு மேலே நீல நிழல், கீழே வெயில். கயிறு பிடித்தவர்கள் நிழலில் நின்றார்கள். அவர்கள் கையிலிருந்த கயிறு நிழலில் ஆரம்பித்து வெயிலில் முடிந்தது.

சேலோதான் முதலில் கயிற்றை விட்டான். நான்கு எட்டு இறங்கிக் கோட்டைத் தாண்டினான். முகத்தில் வெயில் பட்டதும் குல்லாயைக் கழற்றினான். பிறகு ஒவ்வொருவராக இறங்கி வந்தார்கள். கோட்டைத் தாண்டும் இடத்தில் அத்தனை பேரும் ஒரு கணம் நின்றார்கள்.  கீழே கடலோரம் எங்கோ ஒரு நாய் குரைத்தது மட்டும் கேட்டது.

நோர்மா கம்பைக் கட்டிக்கொண்டு அழுதாள். "கணக்குல வருதுன்னு தெரியும். நெசமா வரும்னு எனக்குத் தெரியாது" என்றாள் சேலோவிடம்.

"நல்லவேளை, இதை நேத்தே சொல்லலை" என்றான் சேலோ.

உள்ளே பாத்திரங்கள் தரையில் கிடந்தன. கட்டில் கட்டிய இடத்திலேயே இருந்தது. ஜன்னலில் நுழைந்த வெயில் கம்பளியின்மேல் ஏறி, பாஸ்குவலின் கழுத்துக்கு வந்திருந்தது. அவன் முகத்தைச் சுவரிலிருந்து திருப்பியிருந்தான். கண்ணை இறுக்க மூடிக்கொண்டிருந்தான். தாடிக்குள் ஒவ்வொரு நரை மயிரும் பளபளத்தது. இந்த ஆள் எப்போது இவ்வளவு மெலிந்தான் என்று அவள் வெளிச்சத்தில்தான் பார்த்தாள்.

"கண்ணு கூசுது, கிழவி" என்றான். "அந்தத் திரையைப் போடேன்."

ஐந்து வாரத்தில் அவன் பேசிய முதல் முழு வாக்கியம் அது. அவள் சிரித்தாள். சிரிப்பு நடுவிலேயே உடைந்தது. "போடமாட்டேன். கூசட்டும்."

ஜன்னலருகே போய் நின்றாள். மேலே சரிவு முழுவதும் தெரிந்தது. காலையில் வீடு இருந்த இடம் நீல நிழலில் புதைந்திருந்தது. லெங்கா மரத்தின் நுனி மட்டும் ஒளிர்ந்தது. அதற்குக் கீழே போன வருடத்து இடத்தில் நின்ற மரத்துக்குக் கால் பங்கு வெயில். அதற்கும் கீழே, முதல் வருடம் வீட்டை வைத்திருந்த இடத்தில், இடுப்பு உயரத்துக்கு மட்டும் நிழல் இருந்தது. மீதி மரம் முழுக்க வெயில். அங்கிருந்து ஒரு பதினைந்து எட்டு இறங்கியிருந்தால் போதும். அவள்தான் அதே மரங்களைப் பார்த்து, இந்த வருஷம் சூரியனுக்கு என்ன கேடு வந்ததோ என்று ஒவ்வொரு வருடமும் திட்டிக்கொண்டே மேலே போயிருக்கிறாள்.

கட்டில் ஓரத்தில் தொப்பென்று உட்கார்ந்தாள். "கிழவா, நான்தான் உன்னை இருட்டுக்குள்ள இழுத்துட்டுப் போயிருக்கேன். வருஷா வருஷம். ஊரையே கூட்டி வச்சு."

பாஸ்குவல் ஒரு கண்ணைத் திறந்து அவளைப் பார்த்தான். "வெளிய நின்னு 'இழு, இழு'ன்னு கத்துவியே. அறுபது ஆம்பளை கத்தினாலும் உன் குரல்தான் தனியாக் கேக்கும். குளிர்காலத்துல எனக்கு நல்லா இருந்தது அந்த ஒரு நாள்தான்."

அவள் இன்னும் ஒட்டி நகர்ந்து உட்கார்ந்தாள். அவன் கையைப் பிடித்துக்கொண்டாள். வெயில் அவர்கள் கைகளின்மேலும் விழுந்தது. பதினோரு நிமிடம் இருந்தது. பிறகு முகட்டின் அடுத்த கொம்பு அதை மறைத்தது, அறை சாம்பல் நிறமாகிவிட்டது. வெளியே ஒரு பெருமூச்சும் அதன் பின்னால் பேச்சும் சிரிப்பும் கிளம்பின. சேலோ கறிச்சட்டியைக் கொண்டுவரச் சொல்லிக் கத்தினான்.

ஓர்மெசிந்தா பாஸ்குவலின் முகத்தையே பார்த்தாள். அது சுவர்ப் பக்கம் திரும்பிவிடுமோ என்று அவளுக்குப் பயமாக இருந்தது. திரும்பவில்லை. ஜன்னலையே பார்த்துக்கொண்டிருந்தது.

"நாளைக்கும் வருமா?"

அவள் ஜன்னலைத் திறந்து தலையை வெளியே நீட்டினாள். "எஞ்சினியரம்மா! நாளைக்கும் வருமான்னு கேக்கறாரு!"

"வரும்!" என்று கீழேயிருந்து நோர்மா கத்தினாள். "இன்னியோட சின்னப் பகல் முடிஞ்சுது. மேகம் இல்லைன்னா ஒண்ணரை மணிக்கு வரும். போகப் போகக் கூடும்!"

"ஒண்ணரைக்காம்" என்றாள் ஓர்மெசிந்தா, ஜன்னலைச் சாத்திக்கொண்டே.  தரையில் கிடந்த பாத்திரங்களை ஒவ்வொன்றாகப் பொறுக்கினாள். முதுகைக் காட்டிக்கொண்டுதான் கேட்க முடிந்தது. "எல்சா ராத்திரி சேலோ வீட்டுக்கு போன் பண்ணுவா. அவகிட்ட என்ன சொல்ல?"

பாஸ்குவல் தாடியைத் தடவிப் பார்த்தான்.

"சீட்டைத் திருப்பிக் குடுத்துடச் சொல்லு" என்றான். "நீ காலைல வேலைக்குப் போறதுக்கு முன்னாடி எனக்குச் சவரம் பண்ணி விட்டுட்டுப் போ. ஒண்ணரைக்கு ஆள் வருது."